போலந்து மாமா குடித்த தேத்தண்ணி

ஐம்பதை எட்டிப்பிடிக்கப் போகிற வயதில் நான் போலிஷ் மொழி படிக்கப் போனேன் என்பதைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் சொல்லவேண்டியிருக்கிறது. மாலை வகுப்பில் என்னைத் தவிர மற்ற எல்லோரும் போலந்துப் பெண்களைக் காதலித்துக்கொண்டிருந்த டேனிஷ் இளைஞர்கள். அவர்களுக்கு அவசரம் இருந்தது, வேகமாகப் படித்தார்கள். எனக்கு இருந்தது ஒரு தடித்த நாவல் மட்டும். குளிர்காலம் முழுக்கத் தலையை உடைத்து, 'உருளைக்கிழங்கு சமையலறையில் இருக்கிறது' என்று பிழையில்லாமல் சொல்லும் அளவுக்கு வந்தேன். நாவலில் உருளைக்கிழங்கை யாருமே தேடவில்லை. கடைசியில் என் அலுவலகத்துப் போலந்துப் பெண் ஒருத்தி மனமிரங்கி, எனக்கு வேண்டிய அத்தியாயத்தை மதியச் சாப்பாட்டு நேரங்களில் டேனிஷில் வாசித்துச் சொன்னாள்.

அந்த நாவலை எழுதியவர், என் சின்ன வயதில், டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் எங்கள் மாடிக்கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். அப்பாவும் அவரும் மொழிப்பள்ளியில் ஒரே வகுப்பு. ஒருவர் பேசும் டேனிஷ் மற்றவருக்கு மட்டுமே விளங்கும் என்பதால் நெருங்கிய நண்பர்களாகிவிட்டார்கள். எனக்கு அவர் போலந்து மாமா.

கண்ணால் பார்க்காத எதையும் எழுதமாட்டார், பார்த்த எதையும் விடமாட்டார். அது அவருடைய விரதம். ஓர் அத்தியாயத்துக்காகச் செங்கல் சூளையில் ஒரு குளிர்காலம் கல் சுமந்தவராம். சூளைத் தொழிலாளிகள் சாப்பிட்ட பாண் ரொட்டி ஈரமாகவும் புளித்தும் இருந்தது என்று எழுதப்போக, அந்த ஒரு வரியை எடுத்துவிடும்படி போலந்து அரசின் மேலிடத்தில் சொன்னார்களாம். மனிதர் நாட்டை விட்டாரே ஒழிய வரியை விடவில்லை. தானே கூட இருந்து அந்தப் பாணைத் தின்றவர் மாதிரி அப்பா இந்தக் கதையை வருவோர் போவோருக்கெல்லாம் சொல்வார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள், அடுத்த நாவல் இந்தக் கட்டடத்தைப் பற்றித்தான், தமிழ்க் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்று வந்து பார்க்கவேண்டும் என்றார். கட்டடத்தில் இருந்தவை மூன்று தமிழ்க் குடும்பங்கள். நண்பரை முதலில் தன் வீட்டுக்கே கூட்டிவந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அப்பா எங்கள் வீட்டைக் கடைசியில் வைத்தார். வினை அந்தப் பெருந்தன்மையில் ஆரம்பித்தது.

முதல் முறை மேல்மாடியிலிருந்த மட்டக்களப்பு அன்ரிக்கு. ஸ்டூடியோவில் படம் பிடிக்கப் போகிறவர் மாதிரி பதறிக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"புத்தகத்தில வாற எண்டா சும்மாவா அக்கா? உங்கட தங்கக்கரைக் கோப்பையள ஒருக்காத் தாங்க. எங்கட வீட்டில ஜாம் போத்தில்தான் கிடக்கு."

எங்கள் வீட்டிலும் அன்றாடம் ஜாம் போத்தில்தான். அந்தக் கோப்பைகள் அம்மாவின் கலியாணத்துக்கு வந்தவை. சேலைகளுக்குள் சுற்றி, விமானத்துக்கு விமானம் மாறி, மடியில் வைத்தே கொண்டுவந்தவர். ஒன்றின் விளிம்பில் மட்டும் நகமளவு உடைவு. அம்மா மனமில்லாமல் கொடுத்தார். ஒருவருக்குக் கொடுத்தபிறகு கட்டடத்தின் அடுத்த வாசலில் இருந்த, பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் அன்ரிக்கு எப்படி இல்லையென்பது?

சுமந்தது நான். பத்து வயது. மாமாவின் கதவைத் தாண்டாமல் அடுத்த வாசலுக்குப் போக நிலவறை ஒன்றுதான் வழி. உடுப்புத் தோய்க்கும் அறையும் அங்கேதான். ஆகவே கோப்பைகளை உடுப்புக்கூடையில் துவாய்களுக்கு அடியில் புதைத்துக்கொண்டு இறங்கினேன். எதிரே, தோய்த்த உடுப்புகளோடு போலந்து மாமா. கூடை கிணுகிணுத்தது.

"உன் உடுப்புகள் நன்றாகக் கதைக்கின்றனவே" என்றார் டேனிஷில்.

"பொத்தான்கள்" என்றேன்.

"பெரிய பொத்தான்களாக்கும்" என்று கதவைத் திறந்து பிடித்தார். எதையும் கண்வெட்டாமல் பார்க்கிற மனிதர், நான் கடந்து போகும்வரை கூரைக் குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓர் எழுத்தாளரை ஏமாற்றிவிட்ட பெருமையில் எனக்குக் கால் தரையில் படவில்லை.

எங்கள் முறை வந்தபோதுதான் அம்மாவுக்கு அது உறைத்தது.

"ரண்டு வீட்டிலையும் இதிலைதானே குடிச்சவர்? இப்ப நானும் இதையே வைச்சால், அவையளிட்டை இரவல் வாங்கினது எண்டெல்லே நினைப்பார்?"

"எங்கட எண்டு சொல்லிவிடுமன்" என்றார் அப்பா.

"சொன்னால் அவையளின்ர மானம் என்னாகிறது?"

"அப்ப ஜாம் போத்திலிலை குடும்."

அம்மா பார்த்த பார்வையில் அப்பா டை கட்டப் போய்விட்டார்.

அம்மா கோப்பைகளையே வைத்தார். தன் சொத்து தன் வீட்டில் வைத்து எழுதப்படட்டும் என்று ஒரு பிடிவாதம். அதுவரை வாசலோடு கதைத்துவிட்டுப் போன மாமா முதல்முறையாக உள்ளே வந்து உட்கார்ந்தார். பார்த்து வை என்று அம்மா சொல்லியும் நான் அவருக்கு வைத்தது உடைந்த கோப்பை. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. உடைவு மறுபக்கம் போகும்படி கோப்பையைத் திருப்பிவிட்டுக் குடித்தார். உடைவு எங்கே இருக்கிறது என்று இவருக்கு எப்படித் தெரியும்? எழுத்தாளர்களுக்கு எல்லாம் தெரியும் என்று முடிவுகட்டிக்கொண்டேன். பிறகு அவர் அம்மாவைப் பார்த்து, இரக்கத்தோடு, ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அம்மாவின் முகம் ஏன் சுண்டிப்போனது என்றும், அன்று அம்மா ஏன் அப்பாவோடு பேசாமல் கோப்பைகளைத் தனியே கழுவினார் என்றும் எனக்கு விளங்கவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி காணாது போல என்று நினைத்தேன்.

அலுவலகத்துப் பெண் வாசித்த அத்தியாயத்தில் எல்லாம் இருந்தன: ஈர ஜாக்கெட்டுகளின் மணம், வெங்காயப் பொரியல், அப்பாவின் டை, டையோடு அவர் விட்ட கொட்டாவி. கோப்பைகள் மட்டும் இல்லை. மூன்று வீடுகளிலும் தேநீர் ஜாம் போத்தில்களில் வருகிறது. அவை சமையலறைகளில் கழுவிக் கவிழ்த்திருந்ததைக் கண்டிருப்பார். பாணின் ஈரத்தை மறைக்கமாட்டேன் என்று நாட்டையே விட்டவர், ஒரே கோப்பைகள் மூன்று வீடும் சுற்றியதை எழுதாமல், எங்கள் மூன்று குடும்பங்களின் மானத்துக்காகத் தன் விரதத்தை முறித்திருந்தார். கன்ரீனிலிருந்தே சில்க்போர்க்கிலிருந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, தழுதழுத்த குரலில், ஒரு சிறு சொற்பொழிவாகவே சொல்லி முடித்தேன்.

அம்மா அழப்போகிறாராக்கும் என்று காத்திருந்தேன்.

"ஜாம் போத்திலிலையோ?" என்றார். "என்ர வீட்டிலையுமோ?"

"ஓம் அம்மா."

"இப்பிடிப் பச்சைப் பொய் எழுதினால், அவங்கள் நாட்டை விட்டுக் கலைக்காமல் வேறை என்ன செய்வாங்கள்?"