விரலுக்கடியில் விட்டுப்போன எண்

கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும், பள்ளி என்று நாங்கள் சொல்லும் சர்ச்சின் பெருநாளிலும் மைக் பிடித்துப் பேசி ஆளைச் சிரிக்க வைப்பது என் பிழைப்பு. கேரள எல்லையில் இருக்கும் எங்கள் வெள்ளறடைப் பக்கம் என் குரலுக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. என் வயிற்றுக்கு அதைவிட அதிகம். வயிற்றைக் குறைக்கச் சொல்லித்தான் மனைவி ஒரு விடியற்காலையில் என்னைக் கண்டக்டர் சார் வீட்டு முற்றத்துக்குத் தள்ளிவிட்டாள்.

சார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காயப்போட்ட ரப்பர் ஷீட்டுகளை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு, பதினைந்து பேருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். பழைய விசில் இன்னும் கழுத்தில் கிடந்தது. இரட்டை விசில் என்றால் புறப்பாடு: குதி, குனி, ஓடு. ஒற்றை விசில் என்றால் நிறுத்தம்: இருந்த இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடு. ஓடிக் களைத்த மாடு தானாகப் படுக்கும், மனசும் அந்த ஜாதிதான் என்பது அவர் கட்சி.

கண்ணை மூடிக்கொண்டு மனதில் எதைச் சொல்வது என்பதில்தான் மூன்று நாள் தகராறு. எங்களில் பாதிப் பேர் கோயில், பாதிப் பேர் பள்ளி, ஒருவர் இரண்டிலும் சேராதவர். கடைசியில் அவரவர் மணிக்கட்டில் அவரவர் நாடியை எண்ணுவது என்று முடிவானது. தமிழில் எண்ணலாம், மலையாளத்தில் எண்ணலாம். நான் இருபது வரை தமிழ், அதற்குமேல் பள்ளிக்கூடத்தில் படித்த மலையாளம்.

முதல் மாதம் நன்றாகவே போனது. இடுப்புப் பட்டையில் ஒரு ஓட்டை உள்ளே போனேன். கோபம் குறைந்துவிட்டதாக மனைவி சந்தேகத்தோடு சொன்னாள்.

இரண்டாம் மாதம் ஒரு நாள், முப்பத்தொன்று வந்தது. முப்பத்திரண்டு வரவில்லை.

பந்தலில் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை ஒரு இடைவெளி இருக்குமே, அதேதான். மைக் கையில் இருக்கும், குரல் இருக்காது. பிறகு ஒரு பெரிய துடிப்பு வந்து நெஞ்சில் முட்டியது. பாஷை மாறிய இடத்தில் எண்ணிக்கை தவறியிருக்கும் என்று மலையாளத்தின் மேல் பழியைப் போட்டேன். மறுநாள் முழுக்கத் தமிழிலேயே எண்ணினேன். தமிழிலும் இரண்டு விட்டுப்போனது.

அன்று நான் அசையவில்லை. அசைந்தால் அடுத்தது வராது என்று தோன்றியது. மூக்கு நுனியில் வியர்வை தொங்கியது, துடைக்கவில்லை. சார் அதைப் பார்த்துவிட்டார். எல்லாரையும் கண் திறக்கச் சொல்லி என்னைக் காட்டினார்.

"இவனப் பாத்துப் படியுங்க. ஆளு இப்பம் இஞ்ச இல்ல. ஆழத்துக்குப் போயாச்சு."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பரிசு அது. அது தியானமில்லை, பயம் என்று எப்படிச் சொல்வது? ஒரு நாள் சொல்லியும் பார்த்தேன். நெஞ்சுக்குள்ளே ஒரு ஆள் அடிக்கடி லீவு போடுகிறான் என்றேன். முற்றமே சிரித்தது. நான் சொன்ன விதம் அப்படி. அதற்குப் பிறகு என்னை முன்வரிசையில், மற்றவர்கள் பார்த்துப் படிக்க வசதியாக, அவர்களுக்கு எதிரே உட்கார வைத்தார்கள். மூன்று வாரம் அங்கே மாதிரியாக உட்கார்ந்திருந்தேன். குதித்து முடித்ததும் இடது தோளில் ஒரு இறுக்கம் வரத் தொடங்கியது. அதற்கு மைக் ஸ்டாண்டைக் குற்றம் சொன்னேன். வீட்டில் மூச்சு விடவில்லை. என் மனைவி அதற்குள் தெரு முழுக்க என் தியானத்தைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தாள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு கடல்காரர் உண்டு. காரோடு பக்கத்துக் கடற்கரையில் மீன்பிடித் தொழில் செய்தவர். கால் முட்டு தேய்ந்தபின் மகள் வீட்டோடு இங்கே வந்துவிட்டார். அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் ஒற்றை விசில் கேட்டு எல்லாரும் கண்ணை மூடியதும், அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் விரலை விலக்கிவிட்டுத் தன் விரலை என் மணிக்கட்டில் வைத்தார். மரப்பட்டை மாதிரி கை. நெடுநேரம் பிடித்திருந்தார்.

"எத்தன நாளா உண்டு?" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"எது அண்ணே?"

"எலே, இது வலக்கயிறு பிடிச்ச கையாக்கும். கயிறு சும்மா கெடக்கா, அடியில என்னமும் இழுக்கான்னு இதுக்குத் தெரியும்."

நான் என் பிழைப்பைப் பார்த்தேன். "நான் ஆழத்துல இருக்கேம்லா அண்ணே, அதான்."

அவர் சிரிக்கவில்லை.

"ஆழம் நான் கண்டிருக்கேன் மக்கா. அதுல போனவனுக்க மொகம் இப்பிடித்தான் இருக்கும்."

எழுந்தேன். காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சாரிடம் சொன்னபோது, பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சார் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார்.

கடல்காரரும் கூடவே வந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்து, மணிக்கட்டை விடாமல் எண்ணிக்கொண்டு வந்தார். சத்தமில்லை, உதடு மட்டும் அசைந்தது. வெளியே ரப்பர் மரங்கள் போய்க்கொண்டே இருந்தன. நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. மனைவி.

"எங்க நிக்கிய? புட்டு ஆறிப்போவுது."

வழக்கம்போல ஒரு தமாஷ் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"பஸ்ஸுல. காரக்கோணம் போறேன். நெஞ்சு சரியில்ல. கொஞ்ச நாளாவே சரியில்ல. எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அதே நேரம் பக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்த உதடும் நின்றது. இரண்டில் எது முதலில் திரும்பி வரும் என்று தெரியாமல், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இருந்தேன்.