ஏழுமலையும் இத்தாலிய ஸ்பேனரும்

இன்று காலை கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏழுமலையைப் பார்த்தேன். எழுபதுகளில் ஒரே இரும்புத் தொழிற்சாலையில் இருவரும் ஃபிட்டர்கள்.

ஜன்னல் கம்பியில் அவன் "பார்" என்று ஓங்கி ஒரு தட்டு, "ல, னோ" என்று லேசாக இரண்டு. 'பார்லனோ' என்றால் இத்தாலிய மொழியில் 'பேசுகிறார்கள்' என்று அர்த்தம்.

எனக்குப் பகீர் என்றது.

அந்தக் காலத்தில் எங்கள் தொழிற்சாலைக்கு இத்தாலியிலிருந்து ஒரு மெஷினும் எஞ்சினியரும் வந்தார்கள். எஞ்சினியரோடு பேசத் தெரிந்தவனைப் பயிற்சிக்கு அங்கே அனுப்புவதாகப் பேச்சு. ஏழுமலை புத்தகம் வாங்கி, இதே ரயிலில், டிபன் பாக்ஸில் தாளம் போட்டு வினைச்சொற்களை அசை அசையாக மனப்பாடம் செய்தான். அழுத்த வேண்டிய அசைக்குப் பலமாக ஒரு அடி.

எஞ்சினியரோடு பேச ஏழுமலை அவர் எதிரே போய் நின்றான். தாளம் இல்லாமல் அவனுக்கு வினைச்சொல் வராது. கையிலிருந்த ஸ்பேனரால் ஓடிக்கொண்டிருந்த மெஷினையே தட்டினான்.

ஃபிட்டர் மெஷினைத் தட்டினால் உள்ளே கோளாறு என்றுதானே எவனும் நினைப்பான்? எஞ்சினியர் பதறி மெஷினை நிறுத்தி, மொத்தத்தையும் பிரித்துப் போட்டார். திரும்ப மாட்ட மூன்று நாள்.

மெஷினைத் தட்டாதவன் என்ற ஒரே தகுதிக்காக என்னை இத்தாலிக்கு அனுப்பினார்கள்.

"இப்ப இன்னாத்துக்குடா இது?" என்றேன்.

"பொண்ணு அங்கதான் கீறா. அடுத்த வாரம் போறேன். நீதான் போய் வந்தவனாச்சே, பிளேன்ல ஸ்பேனர் எடுத்துகினு போவ உடுவானா?"

சமீபத்தில் விமானத்தில் போனவர்கள் சீக்கிரம் பதில் சொல்லுங்கள். தாளம் இப்போது என் தொடைக்கு வந்துவிட்டது. இத்தாலிய மொழியில் வினைச்சொற்கள் ஏராளம்.