தீட்டு நாளில் பூகோளம்

என் மூத்த மகள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய வருஷம் அரையாண்டுத் தேர்வில் பூகோளத்தில் மட்டும் தவறிவிட்டாள். இந்தியாவின் மழைக்காலம் எது என்ற கேள்விக்கு ஐப்பசி, கார்த்திகை என்று எழுதியிருந்தாள். தூத்துக்குடியில் பிறந்த பிள்ளை வேறென்ன எழுதுவாள்? ஆனி, ஆடியில் எங்களுக்கு வருவது காற்றும் கண்ணில் விழும் மண்ணும்தான். நாட்டில் முக்கால்வாசிக்கு அப்போதுதான் மழை என்பது அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெரிய பரீட்சையிலும் தவறினால் விளாத்திகுளத்து வரனுக்குச் சரி சொல்லிவிடுவேன் என்றார் என் வீட்டுக்காரர். பஜாரில் கடை வைத்திருப்பவர், சொன்னால் சொன்னதுதான். மகளுக்கோ டீச்சர் டிரெயினிங் போக ஆசை.

பூகோளப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் வீட்டுக்குத் தூரமானாள். எங்கள் வழக்கப்படி மூன்று நாள் பின்கட்டு அறை, தனிப் பாய், தனித் தட்டு. புத்தகம் சரஸ்வதி, அதைத் தொடக்கூடாது. விளக்கேற்றாமல் ஒரு நாளும் அடுப்புப் பற்றவைத்தவளில்லை நான். அதனால் அந்த அறை வாசற்படியில் உட்கார்ந்து நானே புத்தகத்தைப் பிடித்து, எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஆறுகளும் அணைகளும் காது வழியாக உள்ளே போய்விட்டன. வரைபடம் போகவில்லை. அதற்குத்தான் மார்க் அதிகம். அவள் சிமெண்டுத் தரையில் விரலால் இந்தியாவை வரைந்தாள். குஜராத் பக்கம் வந்ததும் விரல் நின்றது. மறுபடி கன்னியாகுமரியிலிருந்து தொடங்கினாள். அங்கேயே வந்து நின்றது. அவள் கண் நிறைந்துவிட்டது.

நான் எழுந்து போய்ப் புத்தகத்தையும் பென்சிலையும் அவள் மடியில் வைத்தேன்.

எங்களோடு இருந்த என் வீட்டுக்காரரின் அக்கா அதைப் பார்த்துவிட்டார். "ஏளா, சரஸ்வதிய தீட்டோட தொட்டா படிப்பு வெளங்குமா?" என்றார்.

"நாளான்னைக்குப் பரீட்சத் தாள தொடாமலா எழுதுவா, மதினி?"

மதினி மத்தியானம் சாப்பிட வந்த தம்பியிடம் சொல்லிவிட்டார். அவர் சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் முகம் பார்த்து நான் எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

"ஃபெயிலானா கல்யாணம்னு சொன்னது நீங்க. படிக்க விடாம ஃபெயிலாக்கி கட்டிக்கொடுத்தா அது நாயமா?"

அவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, கடைக்குப் போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும். சாயங்காலத்துக்குள் மகள் புத்தகத்தைப் பார்க்காமலே ஐந்தாறு இந்தியா வரைந்திருந்தாள். பரீட்சையன்று அவளைத் தலைக்குக் குளிக்கச் சொல்லி முன்வாசல் வழியாகவே அனுப்பினேன்.

பாஸாகிவிட்டாள். விளாத்திகுளத்துக்கு ஆள் போகவில்லை. மதினிக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் மனசு கேட்காமல், திருச்செந்தூர் போய், தெரியாமல் செய்துவிட்டேன் என்று கும்பிட்டு வரச் சொன்னார்.

"முருகன்ட்டப் போயி பொய் சொல்லச் சொல்லுதீயளா, மதினி?"

போனேன். மகளையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். சன்னதியில் நின்று, தெரிந்துதான் செய்தேனப்பா என்றேன். அடுத்த வருஷம் இளையவள் எழுதுகிறாள், அவளுக்கும் அப்படித்தான் செய்வேன் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.