கடைசிக் கதிரை அக்கா

ஹனோவரில ஒரு தியேட்டர் கூட்டிற வேலை எனக்கு. டொச் பாசை விளங்காத மண்டைக்கு ஊமைப்படம்தான் தோது. அந்தக் கிழமைப் படத்தில, ஊர்க்கதையை நம்பின புருசன் பெஞ்சாதியை விவாகரத்துச் செய்துபோட்டுப் பிறகு திரும்பி வந்து கட்டுறான்.

எங்கட ஆக்களில ஒரு அக்கா ஒவ்வொரு நாளும் வந்தா. கோட்டைக் கழட்டாமல் கடைசிக் கதிரையில இருந்து வாசலையே பாப்பா. முதல்நாள் முழுசாப் பாத்தவ, பிறகு படத்தில அந்த ரெண்டாம் கலியாணம் வரமுதல் எழும்பிடுவா. ஆரோ கள்ளமா வரப்போறான் எண்டு நானும் விளக்குமாறோட வாசலில காவல் நிண்டன்.

"முடிவு பாக்கேல்லையோ அக்கா?"

"தம்பி, உம்மை என்ர மனுசனோ அனுப்பினவர்?"

"என்னை நம்பி ஆரக்கா உளவுக்கு விடுவினம்?"

அவ சிரிக்கேல்லை. "விவாகரத்து எடுத்தவர், இப்ப திரும்பி வரட்டோ எண்டு கேக்கிறார். படத்தில அவள் ஓம் எண்டுறதை இன்னொருக்காப் பாத்தால் நானும் சொல்லிப்போடுவன்."

பிறகு ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரில அவவைக் கண்டன். பக்கத்தில ஒரு மனுசன், அவவின்ர செருப்பைக் காவிக்கொண்டு நிண்டார். பழையவரோ, புதுசோ? கேள்வி நாக்கு நுனியில நிண்டது. கேட்டால் நான் உளவாளிதான் எண்டு முடிவு கட்டிடுவா. வாயைப் பொத்திக்கொண்டு வடத்தைப் பிடிச்சன். இண்டைக்கும் தெரியாது.