சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்துவது

எனக்கு வந்த நோயை ஊர் முதலில் பாராட்டத்தான் செய்தது. மோட்டார் கொட்டகைக்கு மறுபடி மறுபடி போய், ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறவனைப் பொறுப்பானவன் என்றார்கள். பாராட்டு கிடைக்கிற நோய்க்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள்? நானும் பார்க்கவில்லை.

சங்கராபுரம் பக்கத்தில் எங்கள் கரும்புக் கொல்லை. சிவப்புப் பொத்தானை அழுத்துவேன், மோட்டார் நிற்கும். கண்ணால் பார்த்ததுதான், காதால் கேட்டதுதான். ஆனால் வரப்பில் பத்தடி நடப்பதற்குள், மோட்டார் ஓடுகிறது, ஒயர் அறுந்து தண்ணீரில் கிடக்கிறது, களையெடுக்க வந்தவர்கள் யாராவது மிதித்துச் சாகப்போகிறார்கள், அந்தப் பாவம் உனக்குத்தான் என்று மனம் அடித்துச் சொல்லும். திரும்பிப் போய்ப் பார்ப்பேன். அந்த நிம்மதி மறுபடி பத்தடிதான் தாங்கும். வீட்டுக்கு வந்து, நிறுத்தினேனா என்று மனைவியைக் கேட்பேன். நிறுத்திட்டீங்க என்பாள், பார்க்காமலேயே. ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாளோ, பாவம்.

இதற்கு நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். கள்ளக்குறிச்சிக்குப் போய், போன் பண்ணினால் மோட்டார் ஓடுகிறதா நின்றிருக்கிறதா என்று சொல்லும் செல்போன் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டினோம். எரிகிற அடுப்பில் நாங்களே எண்ணெய் ஊற்றியிருக்கிறோம் என்று அப்போது தெரியவில்லை. மோட்டார் நிறுத்தப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் சொல்லும். சாப்பாட்டுக்கு நடுவில், கல்யாணப் பந்தலில், கக்கூசில் என்று எங்கிருந்தும் அவளைக் கூப்பிட்டேன்.

"என்னாண்ட பேசறத வுட அவளாண்டதான் ஜாஸ்தி பேசிக்கினு இருக்கீங்க" என்றாள் மனைவி. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அந்தக் குரல்காரிக்குத்தான் போன் போட்டேன்.

எங்கள் ஒரே மகள் கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் வீடெடுத்துத் தங்கி, பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு ராத்திரியாவது வந்து தங்குங்கள் என்பது அவள் ஆசை. மலையில் எங்கள் போனுக்கு டவர் கிடையாது. முதல் தடவை மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலேயே முடிந்துபோனது. அடுத்த வாரம் அவளே இறங்கி வந்தாள். சத்தம் போடவில்லை.

"ரெண்டு வாட்டியும் கொழம்பு வெச்சிட்டு உக்காந்துக்கினு இருந்தேம்பா" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் கூப்பிட்டதும் அவளோடு மனநல மருத்துவரிடம் போனேன். டாக்டர் சின்ன வயசு அம்மா. இது பொறுப்பு இல்லை, எண்ணச் சுழற்சி நோய் என்றார். ஒவ்வொரு தடவை சரிபார்க்கும்போதும் சந்தேகத்துக்குத் தீனி போடுகிறீர்கள், திரும்பிப் பார்க்காமல் நின்றால் பயம் ஏறும், ஏறினது தானே இறங்கும் என்றார். மாத்திரை எழுதினார். பொத்தானை ஒருமுறைதான் அழுத்த வேண்டும். போனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட்டுவிட வேண்டும். மனைவிக்கும் வேலை கொடுத்தார். நான் கேட்டால் அவள் தெரியாது என்று மட்டும் சொல்ல வேண்டும்.

அவள் முதல் தடவை தெரியாது என்றபோது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் அழுதாள், ஆனால் பதிலை மாற்றவில்லை. வரப்பில் நின்று வியர்த்துக் கொட்டிய நாட்கள் உண்டு. டாக்டரம்மாவை மனசுக்குள் திட்டித் தீர்த்ததும் உண்டு. பயம் உண்மையிலேயே இறங்கியது. மறுநாள் மறுபடி ஏறியது, கொஞ்சம் கம்மியாக. மாசங்கள் ஆயின.

போன வாரம் வெள்ளிமலைக்குப் போனோம். கச்சிராயபாளையம் வந்தபோது மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இறங்கவில்லை. மத்தியானம் மகள் வைத்த கொழம்பைப் பிசையும்போது அந்த ஒயர் மனசுக்குள் வந்து கிடந்தது. வாய் தானாக மனைவியைக் கேட்டுவிட்டது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் அவள்.

"எனக்குந்தான் தெரியல. இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றேன்.

ஒயர் அங்கேயேதான் கிடந்தது. அதையும் வைத்துக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் மலையிலிருந்து இறங்கும் கடைசி பஸ் தெருமுனையில் ஆரன் அடித்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகளின் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"காலைல மொத பஸ்ஸு எத்தினி மணிக்கும்மா?" என்று கேட்டேன்.