நிரம்பிய மண்டபம்

டீச்சர் மாமியை நான் முதன்முதலில் பார்த்தபோது, தன் அளவுக்குப் பெரிய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு மொன்றியல் புறநகரான புவாண்ட்-கிளேரில் ஒரு வீட்டு வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தார். வெள்ளைப் பருத்திப் புடவை, அதன்மேல் ஆண்கள் போடும் கறுப்புக் கோட்டு. எழுபது வயதாவது இருக்கும். அவர் வளர்த்துப் படிக்கவைத்த அண்ணன் பிள்ளை இங்கே டாக்டர். அன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். உதவிக்குக் கை நீட்டினேன். "பழகிண்டு வரேன். நீ உள்ளே போய் உட்காரு" என்றார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மொன்றியலில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்திருந்த காலம். நான் எஞ்சினியர். என் தாத்தா, வெள்ளைக்காரன் காலத்தில் காவிரிக்கரை ஊர் ஒன்றில் வக்கீலாக இருந்தவர். குழந்தை விதவைகளுக்கு ஒரு விடுதி திறந்து, அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, அதற்காகச் சொந்தக்காரர்களால் ஒதுக்கிவைக்கப்பட்டவர். அவரைப் பற்றிச் சொல்லாமல் நான் யாரோடும் ஒரு காப்பி குடித்ததில்லை. அலுவலகத்துப் பிரெஞ்சுக்காரர்களுக்குக்கூட அவர் கதை தெரியும். அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு நூற்றாண்டு விழா எடுக்க முடிவு செய்திருந்தேன். டாக்டரின் அத்தை எங்கள் ஊர்க்காரர், அந்த விடுதியிலேயே படித்து டீச்சரானவர் என்று கேள்விப்பட்டுத்தான் அவரைத் தேடிப் போனேன்.

காப்பியைக் கொடுத்துவிட்டு மாமி சொன்னார். பத்து வயதில் தாலி அறுந்தது. தலையை மழிக்க நாவிதரை வரச் சொல்லியிருந்த நாளில் என் தாத்தா மாமி வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், பெண்ணை அனுப்பச் சம்மதிக்கும்வரை மாமியின் அப்பா எதிரிலேயே இருந்தார். பிற்பகலில் அவரோடு ஜட்காவில் ஏறிய மாமிக்கு, விடுதியின் முதல் ஆண்டு விழாவுக்கு விளக்கேற்றும்போது பதினோரு வயது. இருப்பதில் சின்னவள் என்று தாத்தாதான் கூப்பிட்டார். திரியைத் தொட்டதும் பந்தலில் நாற்காலிகள் நகரும் சத்தம். ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசி ஆள் வெளியேறும்வரை காத்திருந்துவிட்டு, எழுதிவைத்திருந்த பிரசங்கம் முழுவதையும் தாத்தா அந்தப் பெண்களுக்கும் சமையற்காரருக்கும் படித்தார்.

"ஒரு வரி விடலை. முடிச்சதும் நாங்கதான் கை தட்டினோம்" என்றார் மாமி.

எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத கதை இது. விழாவில் நீங்கள்தான் விளக்கேற்ற வேண்டும், இதைச் சொல்ல வேண்டும் என்று கெஞ்சினேன். கடைசியில் சம்மதித்தார்.

ஒரு தேவாலயத்தின் அடித்தள மண்டபத்தில் ஞாயிறு மதியம் விழா. பெரிதாக்கிய தாத்தா படத்துக்கு மாலை போட்டிருந்தோம். மாமி கஞ்சி போட்ட புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்து, தீப்பெட்டியைக் கையில் வைத்திருந்தார். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குத் தூணாக இருந்தவர் ஒருவர் உண்டு. புதிதாக வந்திறங்குபவர்களுக்கு வீடும் வேலையும் தேடிக்கொடுப்பவர். எனக்கும் அப்படித்தான் உதவினார். அவர் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதை அன்றைக்கு மேடையில் அறிவிப்பதாக ஏற்பாடு. அவருடைய மனைவி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ. மாமி பேசட்டும், கேக்கணும்னு எங்களுக்கும் ஆசைதான். விளக்கை மட்டும் யாராவது சுமங்கலி ஏத்தட்டுமே. இன்னிக்கு எங்காத்துக்கு நல்ல நாள்."

இல்லாவிட்டால் தாங்கள் கிளம்புவதாகப் பக்கத்தில் நின்ற அவர் கணவர் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் கிளம்பினால் இன்னும் பல குடும்பங்கள் கிளம்பும் என்று எனக்குத் தெரியும். மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு நாற்காலி காலியில்லை. தலையாட்டினேன்.

மாமியிடம் நானேதான் போய்ச் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

"மாமி, குனிஞ்சு ஏத்தறது உங்களுக்குச் சிரமமா இருக்கும். வேற யாராவது ஏத்தட்டும். நீங்க பேசினாப் போதும்."

பனி வாரிக்கொண்டிருந்த மனுஷியிடம் இப்படிச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி மண்டபத்தைப் பார்த்தார். "சரி" என்று தீப்பெட்டியை என் கையில் வைத்தார்.

விளக்கு ஏற்றியானதும் மாமி பத்து நிமிஷம் பேசினார். தாத்தாவின் கையெழுத்தைப் பற்றி, சாப்பாட்டு நேரத்தில் அவர் ஆங்கில எழுத்துக்கூட்டல் கேட்பதைப் பற்றிச் சொன்னார். நாவிதரைச் சொல்லவில்லை. பந்தலையும் சொல்லவில்லை. எல்லோரும் பலமாகக் கை தட்டினார்கள். அதன் பிறகு நான் எழுந்து, விதவைகளின் கண்ணியத்துக்காகத் தாத்தா போராடியதைப் பற்றி எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். குரல் நடுங்கவில்லை. இன்றுவரை என்னால் மறக்க முடியாதது அதுதான்.

சாயங்காலம் மாமியைக் காரில் கொண்டுபோய் விட்டேன். இறங்குவதற்கு முன்னால் கதவுப்பிடியில் கை வைத்தபடி, "அன்னிக்கு உங்க தாத்தாவுக்கும் பந்தல் நிறைஞ்சுதான் இருந்தது" என்றார். கோபம் தெரியவில்லை. "பார்த்துத் திருப்பு, ரோடு வழுக்கறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மன்னிப்புக் கேட்க அடுத்த சனிக்கிழமை போனேன். காப்பி கொடுத்தார். குளிரைப் பற்றியும் அவருடைய விசாவைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். வசந்தம் வந்ததும் அவர் சென்னைக்குப் போய்விட்டார். சில வருஷம் கழித்து, அத்தை காலமாகிவிட்டார் என்று டாக்டர் தொலைபேசியில் சொன்னபோது, எங்கள் ஊருக்கு அவர் செய்த சேவையைப் பற்றி நீளமாகப் பேசினேன். அதற்கும் குரல் நடுங்கவில்லை.

எனக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. என் மனைவி போய் நான்கு வருஷமாகிறது. இந்தப் பொங்கல் விழாவில் சங்கத்துப் பிள்ளைகள் என்னைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனார்கள். இருப்பவர்களில் மூத்தவர் என்று, குத்துவிளக்கை ஏற்ற மெழுகுவர்த்தியைக் கொடுத்தார்கள். மனைவியை இழந்தவன் என்று யாரும் முணுமுணுக்கவில்லை. ஒரு நாற்காலியும் நகரவில்லை. சென்ற வருஷம் காலமான என் சிநேகிதரின் மனைவி முதல் வரிசையில் மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தார். மேடையிலிருந்து நாலடி தூரம்தான். நான் ஐந்து முகத்தையும் ஏற்றிவிட்டு, கைதட்டலை வாங்கிக்கொண்டு இறங்கினேன். அவரைக் கூப்பிட்டிருக்கலாம் என்பது காரில் பாதி வழி வந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.