புதுச் சட்டிக்கு ஒரு கைப்பிடி மல்லாட்டை

மலைக்கு வேலைக்கு வந்த முதல் கார்த்திகையில் அமுதவல்லிக்கு ஒரு விஷயம் விளங்கவே இல்லை. இரவெல்லாம் அறை வாசலில் பனியில் நனைந்து கிடக்கிற அவளுடைய ரப்பர் செருப்பு, விடிந்து காலை நுழைத்தால் காய்ந்து, இளஞ்சூடாக இருக்கும். படவேட்டு அம்மன் தான் பார்த்துக்கொள்கிறாள் என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்வாள். ஒரு மாதம் கழித்து ஒருநாள் சீக்கிரம் விழித்துக் கதவைத் திறந்தபோதுதான் பார்த்தாள். வெந்நீர் அடுப்பின் பக்கத்தில் அமுதவல்லியின் செருப்பைச் சாய்த்து வைத்து, முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கூட வேலை செய்கிற சின்னக்குழந்தை. அவள் காலில் செருப்பு இல்லை. பிறந்ததிலிருந்தே இல்லை.

அமுதவல்லி சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். அதைப்பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

சின்னக்குழந்தைக்கு அறுபதை ஒட்டிய வயது. ஜமுனாமரத்தூருக்கு மேலே, ஒற்றையடிப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்தால் வருகிற சின்ன ஊர்க்காரி. புருஷன் தேன் எடுக்கப் போன இடத்தில் பாறையிலிருந்து விழுந்து செத்தபோது மகளுக்கு நான்கு வயது. சரிவில் இருந்த கொல்லையில் சாமை விதைத்து, புளி உலுக்கி, அந்த மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். போளூரை மூன்று தடவை பார்த்திருக்கிறாள். மூன்றாம் தடவை பார்த்ததே போதும் என்பாள்.

அமுதவல்லி கீழே சந்தவாசல். புருஷன் இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடக்கிறார். மகள் நர்சிங் படிக்கிறாள். குணசீலன் சார் நடத்துகிற ஆறு அறை விடுதியில் சமையல் பொறுப்பு அவளுக்கு. அந்த வேலை இல்லையென்றால் அந்த வீட்டில் அடுப்பு இல்லை.

விடுதிக்கு வருகிறவர்களுக்குக் காலையில் இட்லியோடு கிரனோலாவும் உண்டு. சார் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து சொல்லிக்கொடுத்தது. ஓட்ஸுக்குப் பதிலாகச் சாமைப் பொரி, வறுத்த தினை, வேர்க்கடலை, பூசணி விதை எல்லாவற்றையும் நெய்யும் மலைத்தேனும் விட்டுப் பிரட்டி, மொறுமொறுவென்று ஆகும்வரை இளந்தீயில் வைத்து எடுக்க வேண்டும். ஆறியதும் பாலில் போட்டுச் சாப்பிடுவது. வறுவல் முழுக்கச் சின்னக்குழந்தை கை. பொரி பொன்னிறம் தாண்டுகிற நொடியை அவள் கண்ணால் பார்ப்பதில்லை, மூக்கால் பிடிப்பாள்.

முதல்நாள் ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா அமுதா இது, நம்ம பொரி உருண்டை தான? உருட்டறதுக்குச் சோம்பேறித்தனப்பட்டு அப்பிடியே வுட்டுட்டாங்களா?"

"மெதுவா பேசுக்கா, சார் காதுல வுழப்போவுது."

"வுழட்டும். உருட்டிக் குடுத்தா இன்னும் ரெண்டு பேரு வருவாங்க."

போன ஆவணியில் வேலூரிலிருந்து தமிழரசி என்கிற அம்மா, ஆறு வயசுப் பெண் குழந்தையோடு மூன்று நாள் தங்க வருவதாகப் போன் செய்தார்கள். குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாதாம். ஒரு துணுக்கு பட்டாலும் உதடு வீங்கி மூச்சு அடைத்துக்கொள்ளுமாம். குணசீலன் சார் போளூர் போய்ப் புது இரும்புச் சட்டியும் புதுக் கரண்டியும் வாங்கி வந்து அமுதவல்லி கையில் கொடுத்தார்.

"அமுதாம்மா, அந்தப் பாப்பாவுக்குக் கிரனோலா இதுல மட்டும்தான் செய்யணும். கடலை இதுல படவே கூடாது. நீங்கதான் பொறுப்பு."

"சரிங்க சார்."

அதை அப்படியே சின்னக்குழந்தையிடம் சொன்னாள். வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். சின்னக்குழந்தை வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"மல்லாட்டை ஆவாதா? பாலு மறந்த கொழந்திங்களுக்கே நாங்க அதத்தான நசுக்கிக் குடுப்போம். பாவம், இன்னா சாபமோ. நீ கவலப்படாத, அந்தப் பொண்ணு தட்டுல ஒண்ணுகூட வுழாது."

சொன்னதைச் செய்கிறவள்தான். பூசணி விதையைக்கூட இரண்டு முறை முறத்தில் புடைத்து, ஒரு கடலைத் தோல் இல்லாமல் பார்த்து எடுத்து வைத்தாள்.

அவர்கள் வந்து இறங்கிய மறுநாள் காலை அமுதவல்லி சாமிக்கு விளக்கேற்றிவிட்டு வந்து இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். வறுத்த கடலை வாசனை வந்தது.

"இன்னாக்கா வாசனை?"

"புதுச் சட்டிக்குக் குடுத்தேன்" என்றாள் சின்னக்குழந்தை.

அமுதவல்லிக்கு அது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. ஐந்தாம் அறைக்கு வெந்நீர் வேண்டுமென்று யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

சின்னக்குழந்தை ஊரில் புதுச் சட்டியை வெறும் வயிற்றோடு அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். ஏற்றினால் அந்த வீட்டில் பசி தங்கிவிடும். முதலில் ஒரு கைப்பிடி மல்லாட்டையைப் போட்டு வறுத்து, காளியம்மா பேர் சொல்லி, மரத்தடியில் காக்கைக்கும் அணிலுக்கும் போட்டுவிட்டுத்தான் மனுஷருக்குச் சமைப்பார்கள். அவள் அதைத்தான் செய்தாள். போட்டதை எண்ணி எடுத்தாள். துணியால் மூன்று தடவை சட்டியைத் துடைத்தாள். பிறகு அதில் பாப்பாவுக்கான சாமைப் பொரியைக் கொட்டி, நெய்யும் தேனும் விட்டுப் பிரட்டினாள். அந்தக் குழந்தை நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டேதான் பிரட்டினாள்.

பாப்பா மூன்று கரண்டி சாப்பிட்டது. நாலாவது கரண்டி கையில் இருக்கும்போதே, "அம்மா, நாக்கு அரிக்குது" என்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு வீங்கியது. தமிழரசி பையைக் கவிழ்த்து, இதற்கென்றே வைத்திருந்த ஊசியை எடுத்துக் குழந்தை தொடையில் குத்தினார்கள். குணசீலன் சார் ஜீப்பைக் கிளப்பினார். வளைவில் ஜீப் மறைகிறவரை அந்தக் குழந்தை மூச்சு இழுக்கும் சத்தம் அமுதவல்லி காதில் இருந்தது. மறைந்த பிறகும் இருந்தது.

பிறகு அமுதவல்லி மெல்ல வெளியே போனாள். பலாமரத்தடியில் வறுத்த கடலை ஏழெட்டு கிடந்தன. ஒரு அணில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடியது. காலையில் காதில் விழுந்தது இப்போது மனசில் விழுந்தது. சமையல்கட்டுக்குத் திரும்பி ஓடினாள்.

"அக்கா, அந்தச் சட்டியிலயா வறுத்த?"

"தொடச்சனே. மூணு வாட்டி."

"இரும்பு எண்ணெயக் குடிச்சுக்கும்கா. துணியில போவாது."

சின்னக்குழந்தை அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "சாமிக்குத்தான போட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சாமிக்குத்தான்" என்று மறுபடியும் சொன்னாள்.

அமுதவல்லி படவேட்டு அம்மனிடம் முதலில் குழந்தை உயிரைக் கேட்டாள். பொய் சொல்வானேன், அதோடு சேர்த்துத் தன் வேலையையும் கேட்டாள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டோமே என்று அப்போதே உடம்பு கூசியது.

மதியம் போன் வந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஒருநாள் படுக்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, வேலூருக்கே கூட்டிப் போகிறார்களாம்.

சாயங்காலம் குணசீலன் சார் வந்தார். சட்டை கசங்கி, கண் சிவந்திருந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"அந்த அம்மா என் கையப் புடிச்சிட்டு அழுவுறாங்க. சொல்லிட்டுதான வந்தோம்னு கேக்குறாங்க. நான் என்னத்த சொல்றது? அமுதாம்மா, நீங்க பாத்துட்டுதான இருந்தீங்க?"

வாசனை வந்தது, கேட்டேன், பதில் சொன்னாள், போய்விட்டேன். நாலே வார்த்தை. கட்டிலில் கிடக்கும் புருஷன் முகம் வந்தது. மகள் முகம் வந்தது. வார்த்தைதான் வரவில்லை.

"அது அங்க இல்ல சார்" என்றாள் சின்னக்குழந்தை. "விளக்கேத்தப் போயிருந்துச்சு. நான்தான் அதுக்குத் தெரியாம சட்டியில மல்லாட்டை வறுத்தேன். எங்க வழக்கம். தப்பாப் போச்சு."

"வழக்கமா? ஒரு உயிரு போயிருக்கும், தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா செய்வனா சார்?"

"நாளையிலேர்ந்து வராதீங்க" என்றார் சார்.

அமுதவல்லி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பை அவளால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் எத்தனையோ நாள் சாரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று காபி எடுத்துக்கொண்டு போவாள். காபியை வைத்துவிட்டு வந்துவிடுவாள். தை பிறந்து, பொங்கலன்று சாமி முன்னால் நின்றபோது கும்பிடக் கை சேரவில்லை. அன்றைக்கே போய்ச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. "இத அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் திட்டிட்டு வுட்டிருப்பேனேம்மா" என்றார். "போயி கூட்டிட்டு வாங்க."

மேல் ஊருக்குப் பால்காரர் சிங்காரத்திடம் சொல்லி அனுப்பினாள். மறுநாள் அவர் கேனை இறக்கி வைத்துவிட்டு, துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். சின்னக்குழந்தைக்கு மார்கழிக் கடைசியில் காய்ச்சலாம். நான்கு நாள்தான் படுத்திருந்தாளாம். மகள் வந்து எடுத்தாயிற்றாம்.

ஆக, அவள் வேலையை விட்டுப் போன அந்தச் சாயங்காலம் பார்த்ததுதான் கடைசி.

அன்றைக்குத் தன் முறத்தையும் வெற்றிலைப் பையையும் எடுத்துக்கொண்டு சின்னக்குழந்தை கிளம்பினாள். அமுதவல்லி பாதை பிரிகிற இடம் வரைக்கும் பின்னாலேயே போனாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"ஏன்கா பொய் சொன்ன? நான் அங்கதான இருந்தேன்."

"எனக்குக் கொல்லை கீது, சாமை கீது. உனக்கு இன்னா கீது?"

அமுதவல்லி அழுதாள். சின்னக்குழந்தை முறத்தைத் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தாள். என்னவோ நினைவு வந்தவள்போல் நின்று திரும்பினாள்.

"அமுதா, மறுபடியும் புதுச் சட்டி வாங்குவாங்க. வெறும் சட்டிய அடுப்புல ஏத்திடாத. சாமைய ரெண்டு போடு, போதும். மல்லாட்டை வேணாம்."